பெரியவர் ஒருவர், சிறியவர் ஒருவர்

ஜூன் 2

வாண்டுவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் அண்ணி முதலில் படித்துவிட்டு, பிறகு உங்களுக்குச் சுருக்கம் சொல்வார். போனில் பேசலாமென்றால் நீங்கள் அதைக் கூடத்து மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். வீடு கிடைத்துவிட்டது என்று நேற்று நான் சொன்னபோது பின்னால் அண்ணி இருமியது எனக்குக் கேட்டது. உடனே உங்கள் குரல் மாறியதும் கேட்டது. "வாடகைய விடு. கரண்டு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, காஸ் எவ்வளவு? அதெல்லாம் தெரியாம எப்படி முடிவு பண்றது?" கட்டடக் காண்டிராக்டர் ஆபீசில் எஸ்டிமேட் போடுகிற மனுஷன் பெண்டாட்டியிடமும் எஸ்டிமேட் கேட்கலாம், தப்பில்லை. அண்ணி காதுபடக் கேட்டீர்களே, அதுதான் எனக்குக் குமட்டியது.

பல் செட் செய்யும் இந்த லேபில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முன்பின் தெரியாதவர்களின் வாய் அச்சுகள் பகல் முழுக்க என் மேசையில் பிளந்து கிடக்கும். சொத்தைப் பல், சிதைந்த ஈறு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதற்கெல்லாம் நான் முகம் சுளிப்பதே இல்லை. சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனால் நாலு பேருக்கு ஒரு அறை, நாலு பேருக்கும் ஒரே வாளி. பல்லைப் பார்த்து வராத அருவருப்பு அந்த வாளியைப் பார்த்து வருகிறது.

வீடு, ஓனர் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைச் சுவரில் கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு கையோடு வருகிறது. குளியலறைச் சாக்கடை ஓட்டையில் முன்னால் இருந்தவர்களின் தலைமுடி ஒரு பந்து. நான்தான் குச்சியால் இழுத்து வெளியே போட்டேன். ஓனர் பக்கத்தில் நின்று இளித்துக்கொண்டே, "ஒரு வாளி தண்ணி விட்டா போயிடும்மா" என்றார். பேசும்போது அவருடைய கீழ்ப்பல் செட் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அதைச் செய்தவன் எவனோ அளவே எடுக்காமல் செய்திருக்கிறான். இவ்வளவும் இருந்தாலும் பின்னறையில் ஒரு பெரிய ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. வாண்டு அந்த ஜன்னலை விட்டு நகரவே மாட்டாள். அழுக்கைச் சுரண்டிக்கொள்ளலாம். நம் மூன்று பேருக்கு இந்த வீடு போதும்.

கரண்டு பில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். "அது என்னம்மா பெரிய விஷயம், சொற்பம்தான்." தண்ணீர்? "அதுவும் சொற்பம்தான்." குப்பைக்கு, மாடிப்படி விளக்குக்கு? எல்லாம் சொற்பம். வாடகை ஒன்றுதான் அவர் வாயில் சொற்பமாக வரவில்லை. இன்னொன்றும் சொன்னார், வாய் கூசாமல். "தனிப் பொம்பளைக்கு நான் வீடு குடுக்கறதில்லம்மா. சார் வந்து கையெழுத்துப் போடட்டும்." இந்த மாதம் இருபத்தைந்துக்குள் நீங்கள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஜூலையில் இங்கே பள்ளிக்கூடம் திறக்கிறது. எனக்கு என் பிள்ளை இங்கே வேண்டும். நீங்களும் வேண்டும். வருவீர்களா மாட்டீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 6

பல் டாக்டரம்மாவுக்கு,

நீ டாக்டர் இல்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தில் ஒரு சுற்றாவது குறையட்டும் என்று அப்படி எழுதினேன். உன் கடிதம் ஆபீசுக்கு வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "என்ன சார், லவ் லெட்டரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பெருமையாகப் பிரித்தேன். உள்ளே சாக்கடை முடி.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செலவைக் கேட்டது உன்னை மட்டம் தட்டுவதற்காக இல்லை. வாடகை எவ்வளவு என்பது கேட்ட நிமிஷமே தெரிந்துவிடும். மற்றதெல்லாம் சாமானை இறக்கிவைத்த பிறகுதான் தெரியும். அதற்குள் அட்வான்ஸ் அவன் பையில் இருக்கும். அதனால் ஓனர் வாயை நம்பாதே, பழைய பில்லைக் காட்டச் சொல். கடைசி மாதப் பில் மட்டும் போதாது. வெயில் காலத்தில் ஃபேன் ஓடின பில் ஒன்று, குளிர் காலத்தில் வெந்நீர் ஹீட்டர் ஓடின பில் ஒன்று வேண்டும். நீ சொல்வது மேல்மாடி. மொட்டை மாடிச் சூடு நேரே தலையில் இறங்கும், ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும். முன்னால் குடியிருந்தவர் எங்கே போனார் என்று விசாரித்துப் போய்ப் பார். காலி பண்ணிப் போனவனுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை.

தண்ணீர் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்று கேள். கேட்டதோடு விடாதே. வீட்டில் இருக்கிற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நில். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். எல்லாம் அணைந்திருக்கும்போது அது சிமிட்டக் கூடாது. சிமிட்டினால் உன் காசில் வேறு யாரோ குளிர்காய்கிறார்கள் என்று அர்த்தம்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணன் இப்போது ஒரு மாதிரி இருக்கிறார். ஆபீசில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு டெண்டர் வேலை வேறு கழுத்தைப் பிடிக்கிறது. முதலில் மாதச் செலவு என்னவென்று கைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று ஆடுகிறது. நான் தொடப் போனால், "அம்மா வந்து புடுங்கட்டும், அம்மாதான் பல்லு வேல" என்று வாயை மூடிக்கொள்கிறாள்.

அன்புடன்,
உன் எஸ்டிமேட்காரன்


ஜூன் 11

எஸ்டிமேட் ஐயாவுக்கு,

"பிறகு பார்க்கலாம்" என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. இருந்தாலும் நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். சொன்னது சரியாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பழைய பில் கேட்டதும் ஓனர் மூன்று பில்லை எடுத்து நீட்டினார். மூன்றிலும் தொகையைப் பார்த்தால் ஒரு ஃபேன்கூட ஓடியிருக்காது. எனக்கு அப்படியே சந்தோஷம். படியிறங்கும்போதுதான் தேதியைப் பார்த்தேன். மூன்றும் முன்னால் இருந்தவர்கள் குடிவருவதற்கு முன், வீடு பூட்டிக் கிடந்த பழைய மாதங்களின் பில். திரும்பி ஏறிப் போய்க் கேட்டால், "பில்லுதானம்மா கேட்டீங்க? பில்லு குடுத்தேன்ல?" என்கிறார். த்தூ. நரைத்த தலை, நெற்றியில் அத்தனை சுருக்கம், பேச்சு மட்டும் இப்படி.

முன்னால் குடியிருந்தவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். வீட்டு முகவரியைச் சொன்னதுமே தலையில் கை வைத்துக்கொண்டார். "கரண்டு பில்லா? நான் குடிவந்தப்புறம் என் மீட்டர்லேர்ந்து வயர இழுத்துட்டாரு. அவர் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் சேர்த்து நான்தான் கட்டிட்டு இருந்தேன். காலி பண்ற அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றார். தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் ஓனர் தனியாக வாங்குவாராம். யாராவது விருந்தாளி வந்து ஒரு வாரம் தங்கினால் அந்தத் தலையையும் எண்ணுவாராம். வெயில் காலத்தில் லாரித் தண்ணீர் வந்தால் அதில் பாதி நம் பேரில். "ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பின்னால ரூம்ல காத்து நல்லா வரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கும்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டைச் சுத்தம் பண்ணிப் பார்க்கிறேன் என்று சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன். கீழே வந்து மீட்டர் முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ஓனரம்மா உள்ளேயிருந்து மோட்டாரைப் போட்டதும் படபடவென்று அடித்துக்கொண்டது. மோட்டார் நின்ற பிறகும் மெதுவாகச் சிமிட்டியது. வயரைக் கண்ணால் தொடர்ந்து போனேன். அது ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து அவர்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அவர்கள் வீட்டுப் பால் கெடாமல் இருக்க நான் கரண்டு கட்ட வேண்டும்! ஓனரம்மா என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பல்லி கில்லி இருக்கா?" என்று கேட்டார். இருக்கு, இரண்டு இருக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது.

அப்படியும் இந்த வீட்டை விட மனசு வரவில்லை. இந்தத் தெருவில் இந்த வாடகைக்கு வேறு இல்லை. பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்.

இப்போது உங்கள் வேலை. மோட்டாரையும் அவர்கள் ஃப்ரிட்ஜையும் நான் பிரிக்க வைத்துவிடுவேன், அதை விட்டுவிடுங்கள். நமக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், மூன்று ஃபேன், ஐந்து விளக்கு, ஒரு ஹீட்டர், வாரம் இரண்டு தரம் வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. சமையல் காஸில். இதற்கு மாதம் என்ன ஆகும் என்று போட்டு அனுப்புங்கள். கூடவே வருகிற தேதியையும் எழுதுங்கள். "சார் எப்ப வர்றாரு?" என்று அந்தப் பல் செட் நாள் தவறாமல் கேட்கிறது.

உங்கள் மனைவி


ஜூன் 15

அன்புள்ளவளுக்கு,

சபாஷ். எங்கள் ஆபீஸ் சூப்பர்வைசருக்குக்கூட வயரைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிற புத்தி கிடையாது. நீ அனுப்பிய விவரத்தை வைத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டுவிட்டேன். டெண்டருக்குக்கூட நான் இவ்வளவு நுணுக்கமாகப் போட்டதில்லை. நீயே மெச்சிக்கொள்வாய்.

ஃப்ரிட்ஜ் இரவு பகல் ஓடினாலும் சின்னது என்பதால் பயப்பட வேண்டாம். பகலில் வீட்டில் ஆள் இல்லை. ஃபேன் பின்னறையில் ஒன்று மட்டும் ராத்திரி ஓடும், மற்ற இரண்டும் சாயங்காலம் கொஞ்ச நேரம். கரண்டைத் தின்னப் போவது ஹீட்டர்தான். அதைப் போட்டுவிட்டு மறந்துபோகாமல் கால் மணி நேரத்தில் அணைத்தால் ஒரு தரம் சுட வைத்ததே பெரியவர் ஒருவர், சிறியவர் ஒருவர் குளிக்கப் போதும். தண்ணீருக்கும் அதே கணக்கில் ஒன்றரைத் தலை என்று ஓனரிடம் பேசிப் பார், குழந்தைக்கு முழுத் தலை கேட்பது அநியாயம். வாஷிங் மெஷின் வாரம் இரண்டு தரம் எதற்கு? ஒரு தரம் போதும், துணி அவ்வளவு சேராது. இஸ்திரிக்கு உன் லேப் கோட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் மட்டும் போட்டிருக்கிறேன். ஒரு காஸ் சிலிண்டர் இரண்டு மாதம் தாராளமாக வரும்.

எல்லாம் கூட்டினால் வாடகையில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. வெயில் மாதங்களில் லாரித் தண்ணீருக்கும் ஃபேனுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். உன் சம்பளத்தில் சமாளிக்கலாம். தனித் தாளில் விவரமாக எழுதி இணைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்.

டெண்டர் இன்னும் முடியவில்லை. தேதி பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் எஸ்டிமேட்காரன்


ஜூன் 18

ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் விட்டுப்போயிருக்கிறீர்கள்.

முதலில் நானும் கவனிக்கவில்லை. கால் பங்குதானா என்று சந்தோஷப்பட்டு லேபில் பக்கத்து மேசைக்காரியிடம்கூடக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் குளிக்க மாட்டாரா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். தாளை அவள் கையிலிருந்து வாங்கினேன். மறுபடி படித்தேன். பெரியவர் ஒருவர், சிறியவர் ஒருவர். உங்கள் சட்டைக்கு இஸ்திரி கிடையாது. உங்கள் துணி மெஷினில் இல்லை. பகலுக்கு ஐந்து டீ குடிக்கிற மனுஷன் இருக்கிற வீட்டில் ஒரு சிலிண்டர் எங்கே இரண்டு மாதம் வரும்? "உன் சம்பளத்தில்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் சம்பளம் எங்கே போகும்?

வர மாட்டேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நீங்கள் இல்லாத ஒரு வீட்டுக்கு நுணுக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். சீ! அந்த ஓனரின் சாக்கடையில் கை விட்டபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. அவன் என் கரண்டைத்தான் திருடப் பார்த்தான்.

நான் ஏன் அந்த வீட்டை விட்டு வந்தேன் என்று உங்களுக்கு மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் குளிக்கப் போனதும் உங்கள் அண்ணி வெளியில் இருக்கும் ஸ்விட்சை அணைப்பார். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு இருட்டில் நின்று கத்துவேன். "பில்லு யாரு கட்டறது?" என்று வெளியிலிருந்து குரல் வரும். பில்லில் பாதி நாம் கட்டுவது. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எழுந்து வந்து அந்த ஸ்விட்சைப் போட்டிருப்பீர்களா? பேப்பரைப் புரட்டுகிற சத்தம் மட்டும் எனக்கு உள்ளே கேட்கும்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மூன்று பேருக்குப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால், ஏன் இரண்டு பேருக்குப் போட்டீர்கள் என்று பூசி மெழுகாமல் எழுதுங்கள்.


ஜூன் 21

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் படிக்க முடியாமல் கட்டடத்து மாடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. நீ நம்ப மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எது உறுதியாகவில்லையோ அதை எஸ்டிமேட்டில் ஏற்றக் கூடாது. லிஃப்ட் வேண்டுமா வேண்டாமா என்று பார்ட்டி யோசித்துக்கொண்டிருந்தால் லிஃப்ட் இல்லாமல்தான் போடுவோம். முடிவானதும் சேர்த்துக்கொள்ளலாம். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் இது இன்னும் கேவலமாக இருக்கிறது. அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். அண்ணனிடம் பேசினேன். "நீ தாராளமா போ. ஆனா போறவன் போனதுதான். நாளைக்கு வந்து என் பாதி எங்கேன்னு கேக்கக் கூடாது" என்றார். இது அப்பா கட்டின வீடு. நான் படிப்பு முடித்த வருஷம், என் முதல் எஸ்டிமேட் இந்த வீட்டுக்குத்தான் போட்டேன். எத்தனை செங்கல் என்று எனக்குத் தெரியும். சாமானோடு வெளியே போனால் அடுத்த மாதமே நம் அறையில் அண்ணியின் தம்பி வந்து உட்கார்ந்துவிடுவான். பிறகு பங்கு என்று வாயைத் திறக்க முடியாது. நான் ஒருத்தன் இங்கே இருந்தால் வாண்டுவுக்கு நாளைக்கு இந்த வீட்டில் ஒரு பிடி இருக்கும் என்று பார்க்கிறேன்.

நேற்று வாண்டு குளித்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, நான் லைட்டே போடல. இருட்டுலயே சோப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சமத்துன்னு பெரியம்மா சொன்னாங்க." பெருமையாகச் சொல்கிறாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய் அந்த ஸ்விட்சைப் போட்டேன். அண்ணி வந்து, "ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு லைட்டு?" என்று அணைத்தார். நான் மறுபடி போடவில்லை. இதையும் உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஓனருக்குக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். மற்றதை நேரில் பேசலாம்.


ஜூன் 24

வாண்டுவின் அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்து தேவைப்படவில்லை. நேற்று நானே ஓனரைப் பார்க்கப் போனேன். "சார் எப்ப வர்றாரும்மா?" என்று ஆரம்பித்தார்.

"சார் வர்றதுக்கு முன்னாடி கரண்டு ஆபீஸ்காரங்க வருவாங்க. உங்க மோட்டாரும் ஃப்ரிட்ஜும் எந்த மீட்டர்ல ஓடுதுன்னு அவங்ககிட்ட காட்டிட்டு, அப்புறமா சாரப் பத்திப் பேசலாம்" என்றேன்.

முதல் தடவையாக அந்தக் கீழ்ப்பல் செட் ஆடாமல் நின்றது. ஓனரம்மா உள்ளேயிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். மத்தியானத்துக்குள் ஆள் வந்து வயரைப் பிரித்துவிட்டான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நின்று பார்த்தேன், சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. தனிப் பொம்பளைக்கு வீடு கொடுக்க மாட்டேன் என்றவர் தானே பேனா மூடியைத் திறந்து நீட்டினார்.

வீட்டு ஒப்பந்தத்தில் எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று ஒரு இடம் இருந்தது. தண்ணீருக்குத் தலை எண்ணுவதற்காக. இரண்டு என்று எழுதினேன். உறுதியாகாததைச் சேர்ப்பதில்லை, உங்கள் ஆபீஸ் வழக்கம்தான். இங்கே வந்த பிறகு மூன்று என்று மாற்ற வேண்டுமானால் மாற்றலாம். இன்னொரு தலைக்குக் காசு என்றால் அவர் சந்தோஷமாக அடித்துத் திருத்துவார்.

செங்கல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருட்டில் சோப்பைத் தேடப் பழகின பிள்ளைக்கு நாளைக்கு எந்தப் பிடியும் வேண்டாம். சனிக்கிழமை கூட்டி வாருங்கள்.


ஜூலை 5

அன்புள்ளவளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் தூக்கம் இல்லை. நான் கிளம்பும்போது நீ ஒன்றும் பேசவில்லை, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீடு நன்றாக இருக்கிறது. நீ அந்தச் சுவரை எப்படிச் சுரண்டினாயோ தெரியவில்லை. நான் இருந்த இரண்டு நாளில் என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகினதற்கு வாஷர் மாற்றியாயிற்று. ஹீட்டரில் சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன், குழந்தைக்கு அதுவே அதிகம். நான் கிளம்பின அன்றைய மீட்டர் எண்ணை மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஓனர் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்.

அண்ணனிடம் சமயம் பார்த்துப் பேசுகிறேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இதில் இறங்க முடியாது. டெண்டரும் முடியட்டும். கொஞ்சம் பொறு. நான் வர மாட்டேன் என்று எப்போதாவது சொன்னேனா?

முதல் பில் வந்ததும் மறக்காமல் எழுது. கால் பங்குக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த மாதத்துக்குத் திருத்திப் போட்டு அனுப்புவேன்.

வாண்டுவுக்கு அப்பா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் எஸ்டிமேட்காரன்


ஆகஸ்ட் 3

வாண்டுவின் அப்பாவுக்கு,

சண்டை போடவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். நீங்கள் வந்து இறங்கியபோதே உங்கள் பையை வாங்கி உள்ளே வைத்தது நான்தான். திறந்து பார்க்கவில்லை. தூக்கினதுமே தெரிந்துவிட்டது, இரண்டு சட்டைக் கனம்தான் இருந்தது. அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? நீங்கள் ஸ்டூல்மேல் ஏறி ஹீட்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு ஒழுகுகிற குழாயெல்லாம் கண்ணில் படுகிறதே, நான் மட்டும் ஏன் படவில்லை என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. வெறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வாண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் லேபில் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து மெழுகில் பொம்மை செய்கிறாள். முன்பல்லை நான்தான் எடுத்தேன், அழவில்லை. முதல் ஒரு வாரம் குளியலறை விளக்கைப் போடாமலேயே குளித்துவிட்டு வந்தாள். போடலாம்டி, இது நம்ம வீடு என்று சொன்னால், "பில்லு வரும்மா" என்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை. அந்த வார்த்தையை அவள் வாயில் கேட்டபோது உங்கள் வீட்டுக் கூடம் மொத்தமும் என் கண்முன்னால் வந்தது. அத்தனை பேர்மேலும் காறித் துப்பலாம் போல இருந்தது.

நேற்று மாடிப்படியில் ஓனரம்மா அவளை நிறுத்தி வைத்து, "அப்பா எப்ப பாப்பா வருவாரு?" என்று கேட்டிருக்கிறார். நான் மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வரமாட்டாங்க ஆன்ட்டி. நானும் அம்மாவும் மட்டும்தான். ரெண்டு பேர் தண்ணிதான் எங்களுக்கு." சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தாள். முகத்தைப் பார்த்தேன். அழுதிருக்கவில்லை. அழுகையை அடக்கினது மாதிரியும் இல்லை. பசிக்குதும்மா என்றாள்.

நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள், உங்களுக்கு அந்தத் தைரியம் ஏது? நம் இரண்டு பேரையும் விட அவள் சீக்கிரம் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் நான் உங்களுக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

பில் வந்துவிட்டது. மேசைமேல் இருக்கிறது. உங்கள் கணக்கு சரியாக வந்ததா, தப்பாகப் போனதா என்று நான் எழுதப் போவதில்லை. வருவதானால் உங்கள் எல்லாத் துணியோடும் வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பில் எவ்வளவு வந்தது என்று கேட்டு இனிமேல் இந்த வீட்டுக்கு எழுதாதீர்கள்.